விளிம்பில் பொறித்த பெயர்

ராணுவ மெடல் ஒன்றைக் கையில் கொடுத்தால் எல்லோரும் முதலில் முன்பக்கத்தைப் பார்ப்பார்கள். அரசரின் முகமோ அசோகரின் சிங்கங்களோ இருக்கும். புரட்டினால் போரின் பெயரோ சிறகு விரித்த வெற்றித் தேவதையோ தெரியும். அத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். சில மில்லிமீட்டரே அகலமுள்ள விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடுவதைப் பலரும் கவனிப்பதில்லை. படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட். பட்டாளத்துக்குப் போன தாத்தாவைப் பற்றி வீட்டில் மிஞ்சிய ஒரே எழுத்துச் சான்று பல குடும்பங்களில் அந்த ஒற்றை வரிதான்.

அரசரின் முகம் இந்தப் பொருளில் சுலபமாக வந்து உட்கார்ந்துவிட்டது. சிப்பாயின் பெயர் வந்து சேரத்தான் மூவாயிரம் ஆண்டுக்கு மேல் பிடித்தது. அந்த வழியில் தங்க ஈக்கள், திப்புவின் புலி, நீராவி இயந்திர முதலாளி ஒருவர், கடலில் வீசப்பட்ட வெள்ளீயப் பதக்கங்கள், வெள்ளியை வாங்கிக் குவித்த அமெரிக்க எண்ணெய்ச் சகோதரர்கள் என்று எத்தனையோ பேர் குறுக்கிடுகிறார்கள்.

பயணம் எகிப்தில் தொடங்குகிறது. கி.மு. 1550 வாக்கில் வாழ்ந்த அரசி ஆஹொதெப்பின் கல்லறையில் மூன்று பெரிய தங்க ஈக்கள் கோத்த கழுத்துச் சங்கிலி கிடைத்தது. எகிப்தியர்கள் போர்த் துணிவுக்குப் பரிசாகத் தங்க ஈயைக் கொடுத்தார்கள். விரட்ட விரட்டத் திரும்பி வந்து மொய்ப்பதால் ஈயைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று விளக்கம் சொல்வார்கள். அதே காலத்தில் எபானாவின் மகன் அஹ்மோஸ் என்றொரு படைவீரர் இருந்தார். கப்பலில் சாதாரண வீரராகச் சேர்ந்து மூன்று அரசர்களின் கீழ் போரிட்டவர். ஏழு முறை 'வீரத் தங்கம்' வாங்கியதை எல்-காப் ஊரில் இருக்கும் தன் கல்லறைச் சுவரில் வரிவரியாகச் செதுக்கச் செய்திருக்கிறார். அந்த வேலையை மேற்பார்த்தது அவருடைய மகள் வயிற்றுப் பேரன் பஹேரி. அம்மாவின் தகப்பனார் பெயர் நிலைக்க வேண்டும் என்று தான் இதைச் செய்வதாகவும் பஹேரி அங்கேயே எழுதிவைத்தார். தாத்தாவின் பட்டாளக் கதையைக் காப்பாற்றிய முதல் பேரன்களில் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம்.

ரோமர்கள் இதை ஒழுங்குமுறையாக்கினார்கள். 'ஃபலேரே' எனப்பட்ட வட்டத் தகடுகளைத் தோல்வாரில் கோத்து மார்பில் அணிந்தார்கள். இன்றைய மெடல் வரிசையின் மூதாதை அதுதான். ஜெர்மனியில் பான் நகர அருங்காட்சியகத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 18-ஆம் லீஜியன் என்ற படைப்பிரிவின் நூற்றுவர் தலைவர் மார்க்கஸ் கேலியஸ் அதில் நிற்கிறார். மார்பு நிறையத் தகடுகள், தோளருகே வளையங்கள், தலையில் ஓக் இலைக் கிரீடம், கையில் திராட்சைக்கொடிப் பிரம்பு. இரு பக்கமும் அவருடைய விடுதலை பெற்ற அடிமைகள் இருவரின் சிறிய சிலைகள். கி.பி. 9-இல் டியூட்டோபர்க் காட்டில் ரோமின் மூன்று லீஜியன்கள் அடியோடு அழிந்தபோது அவரும் இறந்தார். வயது ஐம்பத்து மூன்றரை. உடல் கிடைக்கவில்லை. தம்பியோ அண்ணனோ தெரியாது, பப்ளியஸ் என்ற உடன்பிறந்தவர் வெறும் கல்லை நட்டு, எலும்புகள் என்றைக்காவது கிடைத்தால் இங்கே வைக்கலாம் என்று அனுமதியையும் பொறித்துவிட்டுப் போனார். 1620-இல் ஸான்டன் பக்கம் அந்தக் கல் கண்டெடுக்கப்பட்டது. கேலியஸ் அணிந்த தகடுகள் எந்தச் சேற்றில் புதைந்தனவோ! அவர் என்னென்ன விருது வாங்கினார் என்பது நமக்குத் தெரிவதற்கு அரசு காரணம் இல்லை. உடன்பிறந்தவரின் கல்தான் காரணம்.

தமிழ்நாட்டிலும் நிலைமை அப்படித்தான். அரசன் கொடுத்த கழலும் பட்டமும் காற்றோடு போயின. ஊர் நட்ட கல் நின்றது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையான நடுகற்களில் ஒன்று, கூடலூர் ஆநிரைப் பூசலில் விழுந்த அந்தவன் என்பவரின் பெயரைத் தமிழி எழுத்தில் சொல்கிறது. அந்தக் கல்லில் எந்த வேந்தனின் பெயரும் இல்லை. ஊரும் பூசலும் மாண்டவரின் பெயரும் மட்டும் இருக்கின்றன. பின்னாளில் மெடலின் விளிம்பு செய்யப்போகிற வேலையை இந்தக் கல் முன்னதாகவே முழுமையாகச் செய்துவிட்டது.

ரோம் வீழ்ந்த பிறகு மார்பில் அணியும் தகடு ஐரோப்பாவில் வழக்கொழிந்தது. நாணயம் போன்ற வட்டப் பதக்கம் மீண்டும் பிறந்ததற்குப் போர்க்களம் காரணமில்லை, ஒரு தொப்பி காரணம். துருக்கியருக்கு எதிராக உதவி கேட்டு பைசாந்தியப் பேரரசர் எட்டாம் ஜான் 1438-இல் இத்தாலிக்கு வந்தார். அவர் தலையில் இருந்த கூர்மையான விசித்திரத் தொப்பியைப் பார்த்து வியந்தார் பிசனெல்லோ என்ற ஓவியர். தொப்பியோடு பேரரசரின் பக்கவாட்டு முகத்தை வெண்கலத்தில் வார்த்தார். கையடக்கமான அந்த முகத்தைக் கண்ட இத்தாலியப் பிரபுக்கள் ஆளுக்கொன்று தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். பேரரசருக்கு உதவிப்படை பெரிதாகக் கிடைக்கவில்லை. பதக்கக் கலைஞர்களுக்கு ஐரோப்பா முழுக்க வேலை கிடைத்தது.

அந்த முகப் பதக்கம் படைவீரனின் கைக்கு வந்த கதையில் ஆலிவர் கிராம்வெல் நினைக்கத்தக்கவர். 1650-இல் ஸ்காட்லாந்தின் டன்பாரில் அவர் வென்றதும், படையில் இருந்த அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் மெடல் தர இங்கிலாந்து நாடாளுமன்றம் முடிவுசெய்தது. தாமஸ் சைமன் என்ற செதுக்குக் கலைஞரை, தளபதியின் முகத்தை வரைந்து வரும்படி எடின்பரோவுக்கு அனுப்பினார்கள். கிராம்வெல் மறுத்துக் கடிதம் எழுதினார். ஒரு பக்கத்தில் நாடாளுமன்றத்தையும் மறுபக்கத்தில் படையையும் போடுங்கள், என் உருவம் வேண்டாம் என்பது அவர் கேட்டுக்கொண்டதன் சாரம். நாடாளுமன்றம் கேட்கவில்லை, முகத்தைப் போட்டே அடித்தது. அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிரிட்டிஷ் அரசு தன் சாதாரணச் சிப்பாய்க்கு மெடலே தரவில்லை.

அந்த இடைவெளியில் புகுந்தது ஒரு வியாபாரக் கம்பெனி. 1781-இல் ஹைதர் அலியை எதிர்கொள்ள கர்னல் பியர்ஸ் தலைமையில் வங்காளச் சிப்பாய்ப் படை ஒன்று மிதினாப்பூரிலிருந்து கரையோரமாகவே நடந்து சென்னைக்கு வந்தது. வழியில் காலரா வாங்கிய உயிர்கள் ஏராளம். வந்தவர்கள் கர்நாடகப் போர்களில், கடலூர் முற்றுகை வரைக்கும் சண்டையிட்டார்கள். கோடார்டு தலைமையில் மேற்கே குஜராத் வரை நடந்த இன்னொரு வங்காளப் படையும் இருந்தது. இந்த இரு படைகளுக்கும் 1784-இல் கிழக்கிந்தியக் கம்பெனி 'டெக்கான் மெடல்' கொடுத்தது. முன்பக்கத்தில், பிரிட்டனின் உருவகப் பெண்ணான பிரிட்டானியா கோட்டையை நோக்கி மாலை நீட்டுகிறாள். பின்பக்கம் பாரசீக எழுத்து. மஞ்சள் கயிற்றில் கழுத்தில் தொங்கவிட வேண்டும். பிரிட்டிஷ் மன்னரின் வெள்ளைச் சிப்பாய்க்கு ஒரு தகரத் துண்டுகூடக் கிடைக்காத காலத்தில் இந்தியச் சிப்பாய் வெள்ளி மெடல் அணிந்திருந்தார். இன்றைய உலகப் படைகளின் போர் மெடல் வழக்கத்துக்குத் தமிழ் மண்ணில் நடந்த சண்டை ஒரு தொடக்கம் என்பது நம் பாடப்புத்தகங்களில் வராத செய்தி. ஆனால் விளிம்பு வெறுமையாகத்தான் இருந்தது. மெடல் வாங்கியவர் போய்விட்டால் அது யாருடையது என்று சொல்ல வழியில்லை.

கம்பெனியின் அடுத்த பெரிய மெடல் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கானது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் மாத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலைக்கு ஆர்டர் போனது. ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியான அதே போல்ட்டன்தான். நீராவி இயந்திரத்தால் நாணயம் அடிக்கும் வித்தையைக் கையில் வைத்திருந்தவர். குக்லர் என்ற கலைஞர் வரைந்த படத்தில் பிரிட்டிஷ் சிங்கம் மைசூர்ப் புலியைக் கீழே தள்ளி அமுக்குகிறது. மேலே அரபு வாசகம் எழுதிய கொடி. உயர்ந்த தளபதிகளுக்குத் தங்கம், அடுத்து தங்கமுலாம், வெள்ளி, வெண்கலம்; கோட்டைச் சுவரில் ஏறிய சாதாரணச் சிப்பாய்க்குத் தகரம். அது இந்தியா வந்து சேரவே 1808 ஆகிவிட்டது. வங்காளப் படைக்கு என்று கல்கத்தா நாணயச்சாலை அதே படத்தைப் பார்த்துச் சற்றுச் சிறிய நகல் ஒன்றை அடித்துக்கொண்டது. மாட்டிக்கொள்ள வளையமோ நாடாவோ மெடலோடு வரவில்லை. வாங்கியவர் கடைத்தெருவில் கொடுத்து ஓட்டையோ கொக்கியோ போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

போல்ட்டனுக்கு இந்தத் தொழில் புதிதல்ல. 1798-இல் நைல் கடற்போரில் நெல்சன் வென்றதும், நெல்சனின் முகவரும் வியாபாரியுமான அலெக்சாண்டர் டேவிசன் சொந்தக் காசில் எல்லா மாலுமிகளுக்கும் மெடல் அடிக்கப் போல்ட்டனிடம்தான் சொன்னார். 1805-இல் டிரஃபால்கர் வெற்றி வந்தபோது போல்ட்டனே தன் செலவில் மாலுமிகளுக்கு மெடல் செய்து அனுப்பினார். மாலுமிக்கு வந்தது வெள்ளீயக் கலவை. உயிரைக் கொடுத்துப் போராடியதற்குச் சமையல்கட்டுத் தட்டு செய்கிற உலோகமா என்று கோபப்பட்டுப் பலர் அதைக் கடலில் வீசியதாக அந்நாள் குறிப்புகள் சொல்கின்றன. அந்தக் கோபம் எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது. கொடுக்கிற கை நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும், வாங்குகிறவர் தன் உயிரின் விலையை அந்த உலோகத்தில்தான் படிக்கிறார்.

ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் இருந்த கர்னல்களில் ஆர்தர் வெல்லெஸ்லி என்பவரும் ஒருவர். பதினாறு ஆண்டு கழித்து அவர் வெலிங்டன் கோமகனாக வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றார். போர் நடந்தது 1815 ஜூன் 18. பத்தே நாளில், சிப்பாய்களுக்கும் மெடல் தர வேண்டும் என்று யார்க் கோமகனுக்குக் கடிதம் எழுதினார். (நீலகிரியில் மதராஸ் ரெஜிமென்ட் மையம் இருக்கும் வெலிங்டன் ஊர் இவருடைய பெயரைத்தான் தாங்குகிறது.) அப்படி வந்ததுதான் வாட்டர்லூ மெடல்; இந்தக் கதையின் திருப்பம் அங்கேதான்.

கிட்டத்தட்ட 39,000 மெடல்கள். தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே வெள்ளி, ஒரே அளவு. முன்பக்கம் ஆட்சிப் பொறுப்பில் இருந்த இளவரசர், பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிறகுப் பெண், பண்டைக் கிரேக்கத்தின் ஈலிஸ் நகரத்து நாணயத்திலிருந்து அப்படியே எடுத்தது. இவ்வளவு மெடல்களுக்கு ஆளாளுக்குப் பெயர் வெட்டக் கைவேலைக்காரர்களால் முடியாது. அதனால் அரச நாணயச்சாலையில் அதற்கென்றே ஒரு பொறியைச் செய்தார்கள். எஃகு அச்செழுத்துகளை விளிம்பில் அழுத்திப் பெயரும் படைப்பிரிவும் பதித்தது அது. பெயர் குட்டையாக இருந்து இடம் மிஞ்சினால் இரு பக்கமும் சின்னச் சின்ன நட்சத்திரங்களைக் குத்தி நிரப்பினார்கள். இன்று அருங்காட்சியகங்களில் அந்த விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எழுத்துகள் கொஞ்சம் மேலும் கீழுமாக நிற்பது தெரியும். சில இடங்களில் அழுத்தம் கூடி வெள்ளி ஓரமாகப் பிதுங்கியிருக்கும். மாட்டும் வளையமோ இரும்பு. அது துருப்பிடித்ததால் பலர் காசு சேர்த்து வெள்ளி வளையம் போட்டுக்கொண்டார்கள்.

முக்கியமான இன்னொன்று: போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்கும் மெடல் போனது. அதுவரை பிரிட்டனில் இப்படி நடந்ததில்லை. மகனைக் காணாத ஒரு தாயின் வீட்டுக்கு, அவன் பெயர் வெட்டிய வெள்ளி வந்து சேர்ந்தது.

வாட்டர்லூவில் ஒரு நாள் சண்டையிட்டவர்களுக்கு மெடல். அதற்கு முன் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ஆறு வருஷம் கால் தேய நடந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர்களுடைய மனக்குறையை ரிச்மண்ட் கோமகன் விடாமல் பேசினார், வெலிங்டனோ எதிர்த்தார். 1847-இல் ஒருவழியாக அனுமதி வந்தபோது ஒரு நிபந்தனையும் வந்தது: உயிரோடு இருப்பவர் விண்ணப்பிக்க வேண்டும். முப்பது நாற்பது வருஷம் காத்திருந்து இறந்துபோனவர்களின் பிள்ளைகள் கேட்க முடியாது. இந்தியாவில் 1803 முதல் 1826 வரை போரிட்டவர்களுக்கு 1851-இல் வந்த 'இந்தியப் படை மெடலுக்கும்' அதே நிபந்தனைதான். கால் நூற்றாண்டு கழித்து உயிரோடு எஞ்சிய சிப்பாய்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தஞ்சாவூர், ஆற்காடு பக்கத்துக் கிராமங்களில் கம்பெனிப் படையில் சாதாரணச் சிப்பாயாக இருந்து ஓய்ந்த கிழவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அறிவிப்பு காதில் விழுந்திருக்கவே வாய்ப்பில்லை.

பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் 1857-இல் தன் பெரியப்பாவின் பழைய வீரர்களில் உயிரோடிருந்த எல்லோருக்கும் வெண்கல 'செயின்ட் ஹெலினா மெடல்' கொடுத்தார். ஏறக்குறைய 4 லட்சம் பேர் வாங்கினார்கள். அதே சமயத்தில் புகைப்படக் கலை பரவத் தொடங்கியிருந்தது. சில முதியவர்கள் பழைய சீருடையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டு, புது மெடலைக் குத்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். மெடல் அணிந்த முன்னாள் படைவீரரின் படம் வீட்டுச் சுவரில் தொங்கும் வழக்கத்துக்கு அது ஒரு நல்ல முன்னோடி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொரு நாடும் அடுத்த நாட்டைப் பார்த்து மெடல் செய்தது. 1802-இல் நெப்போலியனின் லீஜியன் ஆஃப் ஹானர். 1813-இல் தங்கத்தைப் போருக்குக் கொடுத்துவிட்ட பிரஷ்யாவின் இரும்புச் சிலுவை. 1837-இல் கம்பெனி இந்தியச் சிப்பாய்களின் வீரத்துக்கென்று தொடங்கிய ஆர்டர் ஆஃப் மெரிட். விக்டோரியா கிராஸ் அதற்குப் பத்தொன்பது ஆண்டு கழித்து 1856-இல்தான் வந்தது. அதை வாங்கும் தகுதி இந்தியருக்கு 1911 வரை கிடையாது. தகுதி கிடைத்த மூன்றாம் ஆண்டிலேயே பெல்ஜியத்தில் குதாதாத் கான் முதல் இந்தியராக அதை வென்றார். எதிரியின் பீரங்கியை உருக்கி மெடல் செய்வதும் பரவியது. குவாலியர் போரில் பிடித்த மராட்டிய பீரங்கிகள் கல்கத்தாவில் நட்சத்திரங்களாயின. விக்டோரியா கிராஸ் செவஸ்தபோலில் பிடித்த ரஷ்ய பீரங்கியில் வார்த்தது என்று நெடுநாள் நம்பினார்கள். உலோகத்தை ஆய்ந்தவர்கள், சீன பீரங்கிகளும் அதில் கலந்திருப்பதைக் கண்டார்கள். 1880-இல் காபூலிலிருந்து காந்தகாருக்கு நடந்த படைக்கும் ஆப்கன் பீரங்கி வெண்கலத்தில் நட்சத்திரம் கொடுத்தார்கள். தளபதி ராபர்ட்ஸின் குதிரை வோனோலெலுக்கும் ஒன்று கிடைத்தது.

குதிரைக்குக்கூட மெடல் கிடைத்த அந்த நாளில், இறந்த வீரருக்கு விக்டோரியா கிராஸ் கிடைக்க வழியில்லை. சண்டையில் பிழைத்திருந்தால் வாங்கியிருப்பார் என்று அரசிதழில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். 1879-இல் ஜூலுப் போரில் ரெஜிமென்ட் கொடியைக் காப்பாற்றப் போய் மாண்ட மெல்வில், காக்ஹில் என்ற இரு அதிகாரிகளின் குடும்பங்களுக்கு அந்தச் சிலுவை 1907-இல்தான் போனது. இருபத்தெட்டு ஆண்டு காத்திருந்த குடும்பங்கள்.

பிறகு முதல் உலகப் போர். இறந்தவர்கள் லட்சக்கணக்கில். ஒவ்வொரு வீட்டுக்கும் எதையாவது அனுப்ப வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு 1917-இல் ஒரு வடிவமைப்புப் போட்டி வைத்தது. 800-க்கும் மேல் வந்தவற்றில் லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டனின் வடிவம் தேறியது. 12 சென்டிமீட்டர் வெண்கல வட்டு. பிரிட்டானியா, சிங்கம், இரண்டு டால்பின்கள், செவ்வகச் சட்டத்தில் இறந்தவரின் பெயர். விளிம்பில் ஒளிந்திருந்த பெயர் இப்போது முகத்துக்கே வந்துவிட்டது. அதிலும் பதவி இல்லை. ஜெனரலானாலும் சிப்பாயானாலும் பெயர் மட்டும். தியாகத்தில் மேல் கீழ் இல்லை என்பதற்காக அப்படிச் செய்தார்கள். 13 லட்சத்துக்கும் மேல் அடித்தார்கள். மக்களோ அதற்கு வைத்த பெயர் 'செத்தவன் காசு'. சிலர் சட்டம் போட்டு மாட்டினார்கள். சிலர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டும் துக்கம்தான்.

இந்தியாவிலிருந்து போய் மாண்டவர்கள் 74,000-க்கு மேல். சண்டையிட்ட சிப்பாய்க்கு வெள்ளியில் வந்த போர் மெடல், மூட்டை சுமந்தும் சாலை போட்டும் உழைத்த இந்திய, சீன, மால்டா கூலிப் படையினருக்கு வெண்கலத்தில் வந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத் தகரத்தின் நினைப்பு ஆட்சியாளர்களிடம் அழியவில்லை. ஊர்களுக்கு ஒரு கல் கொடுத்தார்கள்: இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று. சென்னை மாகாணக் கிராமங்களிலும் அந்தப் பளிங்குப் பலகைகளை இன்றும் பார்க்கலாம். எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. புலிமான்கோம்பைக் கல் செய்ததை இருபதாம் நூற்றாண்டின் பேரரசு செய்யவில்லை. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற, தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்களில் அந்தப் பெயர்களைப் பாட்டிமார்களின் வாய்தான் சுமந்து வந்தது.

காகிதம் நம்பத்தக்கதல்ல என்பதை 1940 காட்டியது. லண்டன் மீது விழுந்த ஜெர்மன் குண்டில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிப் பதிவேடுகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. மெடல் கொடுக்கும்போது எழுதிவைத்த சிறிய அட்டைகள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின. இன்று பிரிட்டனில் கொள்ளுத்தாத்தாவைத் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் அந்த அட்டையிலிருந்துதான் தொடங்குகின்றன. யாருக்கு எந்த மெடல் போனது என்ற குமாஸ்தா வேலை, லட்சக்கணக்கான மனிதர்கள் போருக்குப் போனதற்கான ஆதாரமாக மாறிவிட்டது.

மெடலும் அழியாததல்ல. 1970-களின் இறுதியில் டெக்சாஸின் ஹன்ட் சகோதரர்கள், எண்ணெயில் சம்பாதித்த பணத்தைக் கொட்டி உலகத்து வெள்ளியை வாங்கிக் குவித்தார்கள். 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரைத் தொட்டது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் மெடலில் ஏறக்குறைய ஒரு அவுன்ஸ் வெள்ளி. தாத்தாவின் பெயரைவிடத் தாத்தாவின் வெள்ளி விலையாகிப்போன அந்த மாதங்களில் ஏராளமான மெடல்கள் உருக்கு உலைக்குப் போயின. பிறகு சேகரிப்பாளர்கள் சந்தை வளர்ந்தது, கூடவே மோசடியும். சாதாரண வீரரின் பெயரை அரத்தால் தேய்த்துவிட்டுப் புகழ்பெற்ற போரில் நின்றவரின் பெயரைப் பொறிப்பது பழைய தந்திரம். அனுபவமுள்ள வியாபாரி மைக்ரோமீட்டரை எடுத்துக் குறுக்களவைப் பல இடங்களில் அளப்பார். அளவு ஒரு மயிரிழை குறைந்தால் போதும், அங்கே இன்னொரு மனிதரின் பெயர் இருந்தது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில் பெயர் பொறிக்கும் வழக்கத்திலிருந்து பிரிட்டன் பின்வாங்கியது. இத்தனை பேருக்குப் பெயர் பொறித்தால் செலவும் நேரமும் ஆகும் என்று விளிம்பைக் காலியாக விட்டது. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் வீரர்களுக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன. பிரிட்டிஷ் வீரருக்கு மெடல் சிறிய அட்டைப்பெட்டியில் தபாலில் வந்தது. அதையும் கேட்டு எழுதினால்தான் வரும். கேட்காமலே விட்டவர்கள் பல லட்சம்.

பர்மா எல்லையில் 1944-இல் மதராஸ் ரெஜிமென்ட் தமிழர்கள் ஒருபுறம் நின்றார்கள். மறுபுறம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த தமிழர்கள். இந்தப் பக்கத்து வீட்டுக்குப் பர்மா ஸ்டார் வந்தது. நேதாஜியின் ஆஸாத் ஹிந்த் அரசும் ஷேர்-இ-ஹிந்த், வீர்-இ-ஹிந்த் என்று பதக்கங்களை ஏற்படுத்தியிருந்தது. அவை வியன்னாவில் அடிக்கப்பட்டவை. தோட்டத் தொழிலாளியாயிருந்து துப்பாக்கி எடுத்த சாதாரண வீரர்கள் அவற்றைக் கண்ணில் கண்டிருப்பதே அரிது. நேதாஜி படையினர் உட்பட விடுதலை வீரர்களுக்கு 1972-இல் ஓய்வூதியமும் தாமிரப் பட்டயமும் வந்தன. பல தமிழ் வீடுகளில் அந்தச் செப்புத் தகடுதான் பட்டாளத்துத் தாத்தாவின் மெடல்.

சுதந்திர இந்தியா தன் உயர்ந்த வீர விருதை வடிவமைக்கத் தேர்ந்தெடுத்தவர் சாவித்திரி கானோல்கர். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, விக்ரம் கானோல்கர் என்ற ராணுவ அதிகாரியை மணந்து, வேதமும் புராணமும் ஆழக் கற்றவர். வஜ்ராயுதம் செய்யத் தன் எலும்புகளையே கொடுத்த ததீசி முனிவர் அவர் நினைவுக்கு வந்தார். பரம் வீர் சக்ராவில் நான்கு வஜ்ரங்கள் அமைந்தன. 1950 ஜனவரி 26-இல் நிறுவிய அந்த விருதின் முதல் வீரர் மேஜர் சோம்நாத் சர்மா, 1947 நவம்பரில் காஷ்மீரின் பட்காமில் மாண்டவர். சாவித்திரியின் மகளுடைய கணவரின் சகோதரர் இவர். விருதை வரையும்போது அது யார் வீட்டுக்குப் போகும் என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

இன்று இறந்தவர்களுக்கு விருது தருவது விதிவிலக்கல்ல, வழக்கமாகவே ஆகிவிட்டது. 2015 குடியரசு நாளில் மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்கரத்தை அவர் மனைவி வாங்கினார். கல்வானில் 2020-இல் வீழ்ந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியின் வீர் சக்ராவை அடுத்த ஆண்டு அவர் மனைவி பெற்றுக்கொண்டார். சாதாரணப் பணி மெடல்களின் கதை வேறு. அவை வந்துசேர வருஷக்கணக்கில் தாமதமாகி, வீரர்கள் கன்டோன்மெண்ட் கடைத்தெருவில் நகல் வாங்கி அணிந்த காலங்களும் உண்டு. நகலில் எல்லாம் சரியாக இருக்கும். விளிம்பில் மட்டும் ஒன்றும் இருக்காது.

ஆஸ்திரேலியாவில் போர் நினைவு நாளான அன்சாக் நாளன்று பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மெடலை வலது மார்பில் அணிந்து அணிவகுப்பார்கள். இடது மார்பு, தானே போருக்குப் போனவருக்கு உரியது. நம் வீடுகளில் அது பீரோவில்தான் கிடக்கிறது. பொங்கலுக்கு வெள்ளிச் சாமான் தேய்க்கும்போது சேர்த்துத் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து தேய்க்காதீர்கள். பழைய வெள்ளி மெடலில் பாலிஷ் துணி முதலில் தின்பது மேடான முகத்தையும் மெல்லிய விளிம்பெழுத்தையும்தான். நல்ல வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, எண்ணையும் பெயரையும் ரெஜிமென்ட்டையும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எழுத்துப்பிழையோடு இருந்தால் பிழையோடேயே எழுதுங்கள்; ஆவணக் குமாஸ்தா அன்றைக்கு எப்படி எழுதினாரோ அப்படித்தான் பட்டியலில் தேட வேண்டியிருக்கும். விளிம்பு காலியாக இருந்தால், அதை யார் அணிந்தார் என்று தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, தாளில் எழுதி மெடலோடு சேர்த்துக் கட்டிவையுங்கள்.